அப்பா கடையில் தொங்கிய என் பட்டம்

அப்பாவைப் பற்றி எங்கள் ஊர் நல்லதாகவே பேசும். அவர் இறந்து இரண்டு வருஷம் ஆன பிறகும், பஸ் ஸ்டாண்டில் யாராவது என்னைப் பிடித்து நிறுத்தி, "அண்ணாச்சி மாதிரி ஒரு தகப்பன் அமையணும்னா குடுத்து வச்சிருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். நான் தலையை ஆட்டுவேன். அவர்கள் சொல்வதில் பொய் இல்லை. அதனாலேயே அவர்மீது எனக்கு இருக்கிற மனத்தாங்கலை யாரிடமும் சொல்ல முடிந்ததில்லை. சொன்னால் கேட்பவர்களுக்குக் கோபம் என்மேல்தான் வரும்.

அப்பா களக்காட்டுக் கடைவீதியில் உரக்கடை வைத்திருந்தார். உரம், விதை, பூச்சிமருந்து, தெளிப்பான். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு, திருநெல்வேலியில் ஒரு மொத்தக் கடையில் மூட்டை இறக்கப் போனவர். அங்கேயே பத்து வருஷம் நின்று தொழிலைத் தெரிந்துகொண்டு, கல்யாணமான கையோடு ஊருக்கு வந்து ஒற்றைக் கதவுக் கடை ஒன்றை வாடகைக்குப் பிடித்தார். நான் பிறந்தபோது கடைக்கு மூன்று கதவுகள் ஆகியிருந்தன. மகள் பிறந்த ராசி என்று அவரே சொல்லிக்கொண்டிருப்பார்.

கடை திறக்கும் முன்னால் தினமும் யாராவது ஒரு விவசாயியின் வாழைத்தோட்டத்துக்கோ வயலுக்கோ போய்வருவார். "பயிரப் பாக்காம மருந்து குடுக்கக் கூடாதுவே" என்பார். மருந்து கேட்டு வருகிறவரிடம், "ஒண்ணும் அடிக்காண்டாம், ரெண்டு நாள் தண்ணிய வடிச்சு விடும், சரியாப் போவும்" என்று சொல்லி வெறுங்கையோடு அனுப்பியதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அந்த ஆள் அடுத்த முறை வேறு கடைக்குப் போகமாட்டார்.

தம்பி பிறந்தபோது அம்மாவுக்கு உடம்பு மோசமாகி, பாளையங்கோட்டையில் ஒரு மாதத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் இருந்தாள். எனக்கு மூன்று வயது. அந்த ஒரு மாதமும் அப்பாதான் என் தலையைச் சீவிப் பின்னினார். ஒரு சடை மேலேயும் ஒரு சடை கீழேயுமாக இருக்கும். ரிப்பன் கட்டத் தெரியாமல் மூட்டை தைக்கிற சணலால் முடிச்சுப் போட்டுவிடுவாராம். பக்கத்து வீட்டு அத்தை இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். பெரியவளான பிறகும், பள்ளிக்கூடத்தில் எந்தக் கூட்டம் என்றாலும் கடையைப் பூட்டிவிட்டு வந்துவிடுவார். பெண்பிள்ளைக்கு இவ்வளவு செல்லம் எதற்கு என்று உறவில் கேட்டவர்களுக்கு, "எனக்கு ஆணு என்ன, பொண்ணு என்ன" என்பதுதான் அவர் பதில். அதை நான் அப்படியே நம்பினேன்.

நான் பிளஸ் டூ படிக்கும்போது புது விதி வந்தது. பூச்சிமருந்து விற்கிற கடையில் வேளாண்மையோ அது தொடர்பான பாடமோ படித்துப் பட்டம் வாங்கிய ஒருவர் இருக்க வேண்டும். பழைய கடைக்காரர்களுக்கு அவகாசம் கொடுத்திருந்தார்கள். அதற்குள் ஆள் காட்டாவிட்டால் லைசென்ஸ் கிடையாது. வேளாண்மை அலுவலகத்திலிருந்து வந்த சுற்றறிக்கையை அப்பா என்னிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். நான் வாசித்து முடித்ததும் அதை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"இருவது வருசக் கட. ஒரு காயிதத்துல நின்னு போவும்போல இருக்கு" என்றார்.

எனக்குக் கணக்கில்தான் ஆசை. திருநெல்வேலியில் கணிதம் படிக்க வேண்டும், பிறகு கல்லூரியில் பாடம் நடத்த வேண்டும் என்று பத்தாம் வகுப்பிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கும் அது தெரியும். நீ விவசாயம் படி என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. அவர் யாரையும் எதற்கும் வற்புறுத்தியதே இல்லை. பேச்சைக் குறைத்துக்கொண்டார். சாப்பிடும்போது பாதியில் கையைக் கழுவினார். நான்கு நாள் பார்த்துவிட்டு நானே போய், "நான் அக்ரி படிக்கேம்ப்பா" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அப்பா அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அரசு வேளாண் கல்லூரியில் இடம் கிடைத்தது. நான்கு வருஷமும் ஒன்றுவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா விடுதிக்கு வந்துவிடுவார். அம்மா கொடுத்துவிட்ட எள்ளுப்பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் ஒரு பையில் இருக்கும். இன்னொரு பையில் கம்பெனிக்காரர்கள் கொடுத்த டைரி. விடுதி வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, "இந்த வாரம் என்ன நடத்துனாவ?" என்று கேட்பார். நான் சொல்லச் சொல்லத் தமிழில் எழுதிக்கொள்வார். பூச்சிகளின் லத்தீன் பெயர்களைக்கூட எழுத்துக் கூட்டி எழுதுவார். மறுநாள் கடையில் அதையெல்லாம் விவசாயிகளிடம் சொல்வாராம். "எம்மவ சொல்லியிருக்கா" என்று ஆரம்பிப்பாராம். என்னோடு படித்த பெண்கள் எல்லாருக்கும் என்மேல் பொறாமை.

பட்டம் வாங்கியதும் அப்பாவே கண்ணாடிக்கடைக்கு எடுத்துப் போய்ச் சட்டம் போட்டு, கல்லாவுக்கு மேலே பிள்ளையார் படத்துக்கும் லைசென்சுக்கும் நடுவில் மாட்டினார். கடையில் அப்போது ஐந்தாறு பேர் நின்றார்கள்.

"இனிமே இது எம்மவ கட. நான் அவகிட்ட வேல பாக்கேன். ஏதாச்சும் கேக்கணும்னா மொதலாளியக் கேளுங்க" என்று என்னைக் கை காட்டினார்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேடிக்கையாகச் சொன்னதுதான். ஆனாலும் பிற்பாடு எத்தனையோ தடவை, யார் யாரிடமோ, வேடிக்கை இல்லாமலும் அதையே சொன்னார்.

ஐந்து வருஷம் அந்தக் கடையில் இருந்தேன். முதல் ஆறு மாதம் விவசாயிகள் என்னிடம் கேட்க மாட்டார்கள். என்னைத் தாண்டி எட்டிப் பார்த்து, "அண்ணாச்சி இல்லையா?" என்பார்கள். அது மாறியது ஒரு ரசகதலி வாழைத் தோட்டத்தால். மலையடிவாரத்தில் வாழை போட்டிருந்த ஒரு பெரியவர், இலை பழுத்துத் தொங்குகிறது, என்ன மருந்து அடிக்கலாம் என்று கேட்டு வந்தார். நான் அவரோடு போய் ஒரு மரத்தைச் சாய்த்துக் கிழங்கை வெட்டிப் பார்த்தேன். உள்ளே செம்பழுப்பாகக் கோடு ஓடியிருந்தது. வாடல் நோய். இதற்கு மருந்து கிடையாது, நோய் விழுந்த மரங்களைத் தோண்டி எரித்துவிட்டு அடுத்த போகம் நெல் போடுங்கள் என்றேன். அவர் நேராகக் கடைக்குப் போய் அப்பாவிடம் சத்தம் போட்டார்.

"மருந்து இல்லன்னு சொல்லுததுக்கா அண்ணாச்சி படிக்க வச்சீரு?"

அப்பா எழுந்து நின்றார். "இல்லாத மருந்த இருக்குன்னு விக்கதுக்கு நாலு வருசப் படிப்பு எதுக்குவே? அவ சொன்னா சொன்னதுதான். நானா இருந்தா தெரியாம ரெண்டு பாட்டில உம்ம தலையில கெட்டியிருப்பேன்."

பெரியவருக்குப் பின்னாலேயே வந்து கடை வாசலில் நின்றிருந்த எனக்கு, இந்த ஒரு பேச்சுக்காக இன்னும் நாலு பட்டம் வாங்கலாம் என்று இருந்தது. அந்தப் பெரியவர் அந்த வருஷம் நெல் போட்டார். பிறகு அவரே பத்துப் பேரை என்னிடம் அனுப்பினார். "வாழை டாக்டர்" என்று எனக்குப் பெயர் வைத்ததும் அவர்தான்.

இடையில் ஒரு வங்கித் தேர்வு எழுதினேன். விவசாயக் கடன் பார்க்கிற அதிகாரி வேலை. எழுதிப் பார்ப்போம் என்றுதான் எழுதினேன். கிடைத்துவிட்டது. கர்நாடகத்தில் ஒரு ஊர். அப்பா ஆர்டரை வாங்கிப் பார்த்து, "நல்லாயிரு மக்கா" என்றார். அதற்குப் பிறகு மறுபடியும் அந்தப் பேச்சுக் குறைவு. பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோனார். மூன்றாம் நாள் அம்மா வந்து, "நீ போயிட்டா கடய யாரு பாப்பா? ஒங்கப்பாக்கு ஒறக்கமே இல்லட்டி" என்றாள். நான் ஆர்டரைப் பெட்டிக்குள் போட்டுவிட்டேன். வருத்தம்கூட இல்லை. சொந்தக் கடை இருக்கிறவள் எதற்கு இன்னொருவரிடம் வேலைக்குப் போக வேண்டும் என்றுதான் நினைத்தேன். கல்யாணப் பேச்சு வந்தபோதும் அப்பாவே தரகரிடம், "மாப்பிள்ள இங்கன வந்து இருக்கணும். எம்மவ கடய விட்டுட்டு வர மாட்டா" என்று சொல்லிவிடுவார். வந்தவர்கள் அதைக் கேட்டுத் திரும்பிப் போனார்கள். அதுவும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

தம்பி சென்னையில் இன்ஜினியரிங் முடித்து அங்கேயே ஒரு கம்பெனியில் இருந்தான். கம்பெனியில் ஆள் குறைத்தபோது இவனையும் அனுப்பிவிட்டார்கள். ஊருக்கு வந்து மூன்று மாதம் வீட்டில் போனைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான்.

"சும்மா கெடந்தா கெட்டுப் போவான். கல்லாவுல உக்காரட்டும்" என்றார் அப்பா. சரியென்றுதான் எனக்கும் பட்டது. அவன் குணம் மோசமில்லை. மருந்து வாடை அவனுக்கு ஆகாது. முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். யாராவது வந்து இலையை நீட்டினால் என் பக்கம் திரும்பி, "யக்கா, இது என்னது?" என்பான்.

அந்த வருஷம்தான் அப்பா சேரன்மகாதேவி ரோட்டில் இடம் வாங்கிப் பெரிய கடை கட்ட ஆரம்பித்தார். பின்னால் குடோன், முன்னால் லாரி நிற்க இடம். வடக்குச் சுவரில் ஒரு பெரிய ஜன்னல் வைக்க வேண்டும், வெளிச்சம் படுகிற மாதிரி ஒரு மேஜை போட்டு, விவசாயிகள் கொண்டுவருகிற இலையை லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். கொத்தனாரிடம் அப்பா, "எம்மவ சொல்லுத எடத்துல ஜன்னல் வையிங்க" என்றார். அலமாரி எங்கே, விதைக்குத் தனி அறை எங்கே என்று எல்லாம் நான் கோடு போட்டுக் கொடுத்தேன்.

கட்டட வேலை நடந்துகொண்டிருந்தபோது ஒருநாள் காலை, கடையில் கூட்டமாக இருந்த நேரம், அப்பா சில தாள்களை நீட்டினார். "லைசென்ஸ் சமாச்சாரம். கையெழுத்துப் போடுட்டி" என்றார். மூன்று இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்திருந்தார். ஒருவருக்கு மருந்து அளவு சொல்லிக்கொண்டே மூன்றிலும் போட்டேன். பாட்டிலில் ஒட்டியிருக்கிற பொடி எழுத்தையெல்லாம் விடாமல் வாசிக்கிறவள் நான். அப்பா நீட்டியதை வாசிக்கவில்லை.

புதுக்கடை திறப்புக்கு நான்கு நாள் இருந்தபோது, ஃபிளக்ஸ் அடிக்கிற கடைக்காரர் என் போனுக்கு டிசைன் அனுப்பினார். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று எப்போதும் நான்தான் பார்த்துச் சொல்வேன். மத்தியானம் கடையில் ஆள் இல்லை. பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே அப்பா பெயர், அதையடுத்து "அன் சன்". அதற்குக் கீழே உரிமையாளர் என்று போட்டுத் தம்பி பெயர், பக்கத்தில் பி.இ. அன்புடன் அழைக்கும் என்ற இடத்தில் அப்பா, அம்மா, தம்பி. என் பெயர் எந்த மூலையிலும் இல்லை.

எனக்குக் கோபம்கூட வரவில்லை. வேறு யாருக்கோ அடித்ததோடு கலந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். தப்பாக இருக்கிறது, அப்பா எழுதிக்கொடுத்ததைப் பார்த்து அடியுங்கள் என்று செய்தி போட்டேன். அவர் உடனே கூப்பிட்டார்.

"அக்கா, அண்ணாச்சி எழுதிக் குடுத்த தாளு எங்கிட்டதான் இருக்கு. அதுல உள்ளபடிதான் அடிச்சிருக்கேன். போட்டோ அனுப்பட்டுமா?"

போட்டோ வந்தது. அப்பாவின் கையெழுத்து. வேப்பமரத்தடியில் என் பாடங்களை எழுதிக்கொண்ட அதே சாய்ந்த எழுத்து. அடித்தல் திருத்தல் ஒன்றும் இல்லை. யோசித்து யோசித்து எழுதியதாகவும் தெரியவில்லை.

கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மா பரிமாறிக்கொண்டிருந்தாள். போனை அவர் இலைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இது என்னப்பா?"

அவர் பார்த்தார். ரசத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"கேக்கேன்லா, என்னப்பா இது?"

"நீ நாளைக்கு ஒரு வீட்டுக்குப் போறவ."

"மாப்பிள்ள இங்கன வரணும்னு தரகர்ட்ட சொன்னது யாரு?"

"அப்பம் அவன் மெட்ராஸ்ல இருந்தான்."

இதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லை. மழை வந்ததால் குடை எடுத்தேன் என்கிற மாதிரி சொன்னார். அம்மா குறுக்கே வந்தாள். "ஆம்பளப் பிள்ள ஒண்ணுமில்லாம நிக்கான் மக்கா. அவனுக்கு ஒரு வழி பண்ண வேண்டாமா? ஒனக்கு நக போட்டு, செய்ய வேண்டியதச் செய்து அனுப்புவோம்லா. ஒனக்கு என்ன கொற வச்சாரு ஒங்கப்பா?"

"ஒனக்குத் தெரியுமாம்மா?"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பாதான் சொன்னார். "லைசென்ஸ்ல பேரு மாத்தி எட்டு மாசம் ஆச்சு. நீ வெசனப்படுவன்னுதான் சொல்லல." பிறகு, ஏதோ எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி, "ஒன் சர்ட்டிபிகேட்டு அங்கனயேதான் தொங்கும். அத யாரும் எறக்கப் போறதில்ல" என்றார்.

மறுநாள் வேளாண்மை அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த பெண் அதிகாரிக்கு என்னை நன்றாகத் தெரியும். கோப்பை எடுத்துக் காட்டினார். உரிமையாளர் என்ற இடத்தில் தம்பி. கூடவே ஒரு சம்மதக் கடிதம். மேற்படி கடையில் தகுதி பெற்ற பணியாளராக வேலை பார்க்க நான் சம்மதிக்கிறேன் என்று இருந்தது. கீழே என் கையெழுத்து. பென்சில் புள்ளியைக்கூட அழிக்காமல் விட்டிருந்தார்கள்.

"உங்களுக்குத் தெரியாதாம்மா?" என்று அவர் கேட்டார்.

"தெரியும். தேதி பாத்துட்டுப் போக வந்தேன்" என்றேன். அந்த நிலைமையிலும் அப்பாவை விட்டுக்கொடுக்க வாய் வரவில்லை. வெளியே வந்து, பஸ் வந்தும் ஏறாமல் அப்படியே நின்றேன். கணிதம் போனது. வங்கி வேலை போனது. அதெல்லாம் நானாகக் கொடுத்தது என்று நினைத்திருந்தேன். கொடுத்ததற்குப் பதிலாக அவர் எனக்கு ஒரு கடை கொடுத்தார் என்றும் நினைத்திருந்தேன். உண்மையில் அவர் கடைக்கு ஒரு காகிதம் தேவைப்பட்டது. அதை நான்கு வருஷம் வளர்த்தார். இப்படி யோசிப்பது அநியாயம் என்று எனக்கே உடனே பட்டது. எள்ளுப்பொடி வாங்கித் தின்றவள்தானே நான். ஆனாலும் யோசனை நிற்கவில்லை.

திறப்பு விழாவுக்குப் போனேன். வந்தவர்களுக்குக் கேசரி எடுத்துக் கொடுத்தேன். நான் கேட்ட ஜன்னல் இருந்தது. அதற்குக் கீழே மேஜைக்குப் பதிலாகத் தம்பிக்குச் சுழல் நாற்காலி போட்டிருந்தார்கள். என் பட்டம் அவன் தலைக்கு மேலே தொங்கியது.

அடுத்த நாள் காலை கடை திறந்ததும் போனேன். அப்பா சாமி படத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தார். தம்பி பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தான். ஸ்டூலைப் போட்டு ஏறிப் பட்டத்தைக் கழற்றினேன்.

"ஏட்டி, என்ன செய்யுத?"

"எம்பேரு போட்ட காயிதம்ப்பா. எடுத்துட்டுப் போறேன்."

"அது இல்லாம மருந்து விக்க முடியாது. கடய மூட வைக்கப் போறியா?"

"எட்டு மாசத்துக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா, நானே தம்பிக்கு எழுதிக் குடுத்திருப்பேன். ஏன் கேக்கல?"

அவர் கையில் பூவோடு நின்றார். தம்பி, "யக்கா, எனக்கு..." என்று ஏதோ சொல்ல வந்தான். அப்பா அவனைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். அன்றைக்கே அலுவலகத்தில் நான் அங்கே வேலை பார்க்கவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். அடுத்த வாரம் ஆழ்வார்குறிச்சியில் ஒரு தனியார் நாற்றுப்பண்ணையில் வேலைக்குச் சேர்ந்து, பக்கத்திலேயே ஒரு அறை எடுத்துக்கொண்டேன். தகப்பனைக் கடை மூட வைத்தவள் என்று உறவில் பேசினார்கள். கடை மூடவில்லை. ஒன்றரை மாதம் மருந்து அலமாரிகளைத் துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். பிறகு மதுரைப் பக்கத்தில் யாரோ ஒரு பையனின் பட்டத்தை வாடகைக்குப் பிடித்து மாட்டினார்கள். அந்தப் பையன் ஒருநாளும் கடைக்கு வந்ததில்லை.

ஆறு மாதம் கழித்து அப்பா பண்ணைக்கு வந்தார். இரண்டு பஸ் மாறி, பையும் கையுமாக வந்து நின்றார். இளைத்திருந்தார். எனக்கு எல்லாம் மறந்துபோயிற்று. நிழல்வலைக்கு அடியில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்து மோர் கொடுத்தேன். அவர் ஒரு வாழைக் கன்றை எடுத்து வேரைப் பார்த்தார். எப்படித் தண்ணீர் விடுகிறீர்கள், எத்தனை நாளில் வெயிலுக்குக் கொண்டுவருவீர்கள் என்று கேட்டார். ஒரு மணி நேரம் அதையே பேசினோம். பழைய ஞாயிற்றுக்கிழமை போல இருந்தது. டைரி மட்டும் இல்லை.

பிறகு கன்றைக் கீழே வைத்துவிட்டு, "நீ சொன்னா வெவசாயி கேக்கான். ஒந்தம்பி சொன்னா கேக்க மாட்டேங்கான்" என்றார்.

நான் காத்திருந்தேன். மன்னிப்பு என்றுகூட வேண்டாம், தப்பாப் போச்சு மக்கா என்று ஒரு சொல் வரும் என்று நினைத்தேன்.

"ஒரு ஆறு மாசம் வந்து அவனுக்குப் பழக்கி விடேன். மெட்ராஸ்ல பாத்த சம்பளம் என்னமோ அத விடக் கூட குடுக்கச் சொல்லுதேன்... இல்ல, ஒனக்கு இங்க என்ன குடுக்காவளோ, அத விடக் கூட" என்று தடுமாறினார். என்னையும் தம்பியையும் ஒரு நொடி குழப்பிக்கொண்டுவிட்டார்.

என்னைப் பார்க்க வரவில்லை. ஆள் கேட்டு வந்திருக்கிறார்.

"ஏம்ப்பா, நான்தான் நல்லாப் பாப்பேன்னு ஒங்களுக்கே தெரியுது. பின்ன ஏன் அப்பிடிச் செஞ்சீய?"

அவர் விரலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார். "எனக்கு வேற மாதிரி செய்யத் தெரியல மக்கா" என்றார் கடைசியில்.

அவர் எனக்குச் சொன்னதிலேயே உண்மையான வார்த்தை அதுதான் என்று இப்போது நினைக்கிறேன். அன்றைக்கு எனக்கு அது போதவில்லை. வர முடியாது என்று சொன்னேன். பஸ் ஏற்றிவிட்டேன். கொண்டுவந்த பையை என்னிடம் கொடுத்தார். அறைக்கு வந்து பிரித்தேன். என் துணிகள். அம்மா என் அலமாரியைக் காலி பண்ணிக் கொடுத்துவிட்டிருந்தாள், தம்பிக்குப் பெண் பார்க்கிறார்கள் என்று.

அதற்கடுத்த மாசியில் அப்பா இறந்தார். காலையில் ஒரு வாழைத்தோட்டத்துக்குப் போனவர் வரப்பிலேயே உட்கார்ந்து, தண்ணீர் கேட்டிருக்கிறார். தோட்டக்காரர் கொண்டுவருவதற்குள் சாய்ந்துவிட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது வீட்டு வாசலில் நிற்க இடமில்லை. சுற்றுவட்டாரத்து விவசாயிகள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். பெண்கள் என்னைக் கட்டிக்கொண்டு, "ஒன்ன எப்பிடித் தாங்குனாரு, ஒன்ன எப்பிடிப் படிக்க வச்சாரு" என்று அழுதார்கள். நானும் அழுதேன். எதை நினைத்து அழுதேன் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

எடுக்கும் முன்னால் திருக்குறுங்குடிப் பக்கத்து விவசாயி ஒருவர் என்னிடம் வந்தார். எனக்கு அவரை அவ்வளவாகப் பழக்கமில்லை. தம்பி என் பக்கத்தில்தான் நின்றான்.

"போன மாசம்கூட எங்கிட்ட சொன்னாரு தங்கச்சி. இந்தக் கட எம்மவளுக்குத்தான், அவ மேல்படிப்புக்குப் போயிருக்கா, முடிச்சிட்டு வந்து பாத்துக்கிடுவா, அது வரைக்கும் சின்னவன் இருக்கான்னு. படிப்பு முடிஞ்சிட்டா?"

பேர் மாற்றி ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. வெளியாட்களிடம் அவர் இன்னும் பழைய பேச்சையே பேசிக்கொண்டிருந்திருக்கிறார். ஒன்றைச் செய்துவிட்டு, செய்யாததன் பெருமையையும் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். திரும்பிப் பார்த்தேன். தம்பி முகம் செத்துப்போயிருந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மத்தியானம், அவன் என்னிடம் வந்து உட்கார்ந்தான்.

"யக்கா, எங்கிட்ட அவரு ஒருநாளும் அந்தக் கட எனக்குன்னு சொன்னதில்ல. காயிதத்துலதான் குடுத்தாரு. ஆளு வந்து நின்னா, அக்கா இருந்தா இப்பிடி ஆவாதும்பாரு. எல்லாரு முன்னாலயும் சொல்லுவாரு."

"எங்கிட்ட ஏன் சொல்லல? எட்டு மாசம் ஒரே கடையில இருந்தோமே."

"நீ வந்து சண்ட போட்டா குடுக்க மாட்டாரோன்னு பயந்துட்டேன்" என்றான். அழுதான். அந்தப் பதிலில் பொய் இல்லை. அதற்காக மன்னிக்கவும் முடியவில்லை. அவன் கடையை எடுத்துக்கொள் என்றான். வேண்டாம் என்றேன். கோபத்தில் சொல்லவில்லை. அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தால், ஊர் அதை அப்பா கொடுத்ததாகத்தான் சொல்லும். அவர் சொன்ன பொய்யை நானே மெய்யாக்கினது மாதிரி ஆகிவிடும்.

இப்போது அந்தக் கட்டடத்தை ஒரு செல்போன் கடைக்காரருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறான். அவன் திருநெல்வேலியில் வேலைக்குப் போகிறான். நான் வங்கியில் கடன் எடுத்து ஆழ்வார்குறிச்சியில் ஒற்றைக் கதவுக் கடை ஒன்று ஆரம்பித்திருக்கிறேன். உரிமையாளர் என்ற இடத்தில் என் பெயர். விண்ணப்பத்தை மூன்று தடவை வாசித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். விவசாயிகள் சில பேர் வெளியே நின்று எட்டிப் பார்த்து, "ஆம்பளையாளு யாரும் இல்லையா?" என்று கேட்கிறார்கள். உள்ளே வாங்க என்கிறேன்.

அம்மா பாதி நாள் தம்பி வீட்டிலும் பாதி நாள் என்னிடமும் இருக்கிறாள். போன வாரம் கடைக்குப் பின்னால் உள்ள அறையில் உட்கார்ந்து முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டே, "ஒங்கப்பா இருந்து இதப் பாத்திருந்தா எவ்வளவு சந்தோசப்பட்டிருப்பாரு" என்றாள்.

"அவரு இருந்திருந்தா, இதுவும் தம்பி பேருலதான் இருக்கும்" என்றேன்.

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். எதிர்த்து ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன். காம்புகளைக் கூட்டி ஒரு பக்கமாக ஒதுக்கினாள்.

"சாப்பிட வாரியா, இல்ல இன்னும் ஆளு வருமா?" என்று கேட்டாள்.

"கடையம் ஊருலேருந்து ரெண்டு பேரு வாரேன்னு சொல்லியிருக்காவ. வந்துட்டுப் போகட்டும்மா" என்றேன்.